வேர்தோண்டி லமேக்கா

கிழங்கு தோண்டுகிறவர்கள் உண்டு, கிணறு தோண்டுகிறவர்கள் உண்டு, அடுத்த வீட்டு வம்பைத் தோண்டுகிறவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. இவர்களால் பெரிய கெடுதல் இல்லை. கிழங்கு வரும், தண்ணீர் வரும், வம்பு வரும். நான் இங்கே உங்களுக்குக் காட்டப்போகிற இனம் வேறு. இது சொல்லைத் தோண்டுகிற இனம். உட்கார்ந்த இடத்திலேயே தோண்டும். மண்வெட்டி வேண்டாம், வேர்வை வேண்டாம், படிப்பும் அவ்வளவாக வேண்டாம். நீங்கள் ஒரு இருமல் இருமினால் போதும், அந்த இருமல் ஆதியில் எங்கள் பாஷையிலிருந்து உங்கள் தேசத்துக்குப் போனது என்று அறிவித்துவிட்டு, பெருந்தன்மையோடு உங்கள் முதுகையும் தடவிக்கொடுக்கும்.

இந்த இனத்தை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? சுலபம். நீளமான சொல் பக்கமே போகாது. இரண்டெழுத்து, மிஞ்சிப்போனால் மூன்றெழுத்து, அதுவும் உலகத்தில் எங்கே போனாலும் ஏதாவது ஒரு வாயில் தற்செயலாக விழக்கூடிய சொல்லாகப் பார்த்துப் பிடிக்கும். ஏன் என்று கேட்கிறீர்களா? நீளமான சொல்லுக்கு அறிவு வேண்டும். குட்டைச் சொல்லுக்குத் தைரியம் போதும்.

நான் இருந்த ஆப்பிரிக்க ஊரான மசாகாவில் அந்தத் தைரியம் முழுவதையும் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தவர் லமேக்கா. காப்பிக் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற மறுநாளே உலக மொழிகள் அத்தனையின் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். அவர் கணக்கில் அந்த ஊர்ப் பாஷையான லுகாண்டாதான் தாய்மொழி. அவருக்கு மட்டுமல்ல, பூமிக்கே. மற்ற மொழிகளெல்லாம் வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போய், வேற்றூரில் பெயரை மாற்றிக்கொண்டு பிழைக்கிற பிள்ளைகள். அவற்றின் காதைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வருவதுதான் தன் கடமை என்று அவர் நினைத்தார்.

மாதா கோயில் பாட்டுக் குழுவிலிருந்து அவர் விலக்கப்பட்டதே இதனால்தான். குழுவினர் டோ, ரே, மி, ஃபா என்று சுரம் பிடித்துக்கொண்டிருந்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார். 'ஃபா' என்றால் லுகாண்டாவில் 'செத்துப்போ' என்று அர்த்தம். ஆகவே இந்தச் சங்கீதத்தைக் கண்டுபிடித்தவன் எங்கள் ஆள், நாலாவது சுரத்தில் தொண்டை செத்துப்போகும் என்று முன்கூட்டியே எச்சரித்திருக்கிறான் என்றார். அவர் தொண்டை அந்தச் சுரத்தில் செத்துப்போவது உண்மைதான். மற்றவர்களுக்கு நன்றாகவே உயிரோடு இருந்தது.

இன்னொரு நாள் இத்தாலியப் பாதிரியார் ஒருவர் தொலைபேசியில் தன் ஊர்க்காரரோடு பேசும்போது 'சி, சி' என்று தலையாட்டியதைப் பார்த்துவிட்டார். இத்தாலியில் அது ஆமாம். லுகாண்டாவில் அதே 'சி' என்றால் இல்லை.

"ஃபாதர், எங்க 'இல்ல'யத் தூக்கிட்டுப் போய் நீங்க 'ஆமா'ன்னு ஆக்கி வச்சிருக்கீங்க. வெள்ளைக்காரங்க எங்க நிலத்தையும் இப்படித்தான் வாங்கினாங்க. நாங்க இல்லன்னோம், அவங்க ஆமான்னு எழுதிக்கிட்டாங்க!"

"நான் அப்போ பொறக்கவே இல்லையே, லமேக்கா."

"உங்க 'சி' பொறந்திருச்சு!"

கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். பொய் சொல்வானேன், நானும் தட்டினேன். இந்த இனத்தின் ஆபத்தே அதில்தான் இருக்கிறது. பத்துக் கல்லை இருட்டில் எறிந்தால் ஒரு கல்லாவது மாங்காயில் படுகிறது. அதற்கப்புறம் எறிகிறவன் நிறுத்துவானா?

எதிர்வாதம் செய்து ஜெயித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு மொழிச் சொல்லுக்கும் ஒரே பொருள் இருந்தால், "பாத்தியா, ஒரே வேர்" என்பார். நேர் எதிர்ப்பொருள் இருந்தால், "திருடினவன் அடையாளம் தெரியாம இருக்கத் திருப்பிப் போட்டிருக்கான்" என்பார். சம்பந்தமே இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு, "ரொம்ப ஆழத்துல இருக்கு" என்பார். இந்த மூன்று வாசலில் எதன் வழியே நீங்கள் ஓடினாலும் அவர் திண்டாடாமல் எதிரே வந்து நிற்பார். முற்றத்தில் வெட்டி வைத்திருந்த வாழைத்தார் அவர் ஒரு சொல்லை விளக்கி முடிப்பதற்குள் பழுத்துவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். மிகைப்படுத்துகிறார்கள் என்றுதான் நினைத்தேன், அதில் இரண்டு பழம் சாப்பிடும்வரை.

ஆனால் அவருடைய வாழ்நாள் சாதனை சாலை போட வந்த எஞ்சினியர்தான். சிங்கப்பூர்க்காரர், சீன வம்சம், குடும்பப் பெயர் 'இங்'. அவ்வளவுதான் பெயர், அதற்குமேல் ஒன்றும் கிடையாது. லமேக்கா சிறுத்தைக் குலத்தைச் சேர்ந்தவர்; எந்தக் குலத்தாரும் தங்கள் குலப்பெயர் கொண்டதைத் தொடவோ தின்னவோ கூடாது என்பது அங்கே வழக்கம். சிறுத்தையை லுகாண்டாவில் 'எங்கோ' என்பார்கள். ஆமாம், எங்கோதான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், கொஞ்சம் சும்மா இருங்கள். சாலை ஓரத்தில் தார் டின்களுக்கு நடுவே நின்றிருந்த அந்த மனிதரை லமேக்கா கட்டித் தழுவிக்கொண்டார்.

"கடல் பயணத்துல வால் அறுந்து 'இங்' மட்டும் மிஞ்சியிருக்கு. தம்பி, நீ எங்க குலத்துப் பிள்ளைப்பா! இனிமே சிறுத்தைக் கறிய மட்டும் தொடாத."

"இதுவரைக்கும் தொட்டதில்லைங்க, ஐயா."

"பாத்தீங்களாடா! ரத்தம் மறக்கல!"

அன்றிலிருந்து லமேக்காவின் அண்ணன் மகள் கிஸ்ஸா அந்த எஞ்சினியரை வழியில் பார்க்கும்போதெல்லாம் 'அண்ணா' என்று அழைக்கவேண்டியதாயிற்று. அவரும் பாவம், தலையாட்டிக்கொள்வார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். சிரிப்பு நின்றது கிஸ்ஸாவின் கல்யாணப் பேச்சில்.

கிஸ்ஸா ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளை காஹ்வா ஹொய்மாவில் கணக்கு வாத்தியார், வடமேற்கே புன்யோரோ நாட்டுக்காரன். அவன் வந்து பெண் வீட்டில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் சடங்கு நடந்தால்தான் அங்கே கல்யாணம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கூடை கூடையாகச் சீர் கொண்டுவருவார்கள். இரண்டு பக்கத்துப் பேச்சாளர்களும் எதிரெதிர்ப் பந்தலில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் நக்கலடிப்பார்கள், வாய்க்கு வந்தபடி அபராதம் போடுவார்கள். கடைசியில் மாப்பிள்ளை தரும் சேவலைப் பெண்ணின் அண்ணன் கைநீட்டி வாங்குவான். சேவல் கைமாறினால் பெண் கொடுத்தாயிற்று. மாறாவிட்டால் வந்த வண்டியிலேயே திரும்பவேண்டியதுதான்.

இரண்டு நாட்டுக்கும் பொதுவான சட்டம் ஒன்று உண்டு. ஒரே குலத்துக்குள் பெண் எடுக்கக் கூடாது. நம் ஊரில் பங்காளி வீட்டில் பெண் கேட்பார்களா? கேட்டால் அடி விழாதா? அதேதான்.

அதனால்தான் சடங்கு நாளன்று காலை, நகை பூட்டிப் பட்டு உடுத்துவதற்கு முன்பே, கிஸ்ஸா சித்தப்பாவின் முன்னால் முழங்காலிட்டாள்.

"சித்தப்பா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் எதையும் தோண்டாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"என்னம்மா இது, நான் என்ன பன்றியா? வாயத் தொறக்கவே மாட்டேன்."

"சாப்பிடறதுக்குத் தொறக்கலாம்," என்றாள் அவர் மனைவி லாக்கேரி, வாழைக்காய் உரித்தபடியே.

பெண் வீட்டுப் பேச்சாளராகக் குடும்பத்தின் மூத்தவர் கெஸெக்கியாவே நின்றார். லமேக்காவை நாலாவது வரிசையில், தூணுக்குப் பின்னால், இரண்டு பருத்த உறவினர்களுக்கு நடுவே உட்கார்த்தி வைத்தார்கள். இதைவிடப் பாதுகாப்பாக வங்கியில்கூடப் பணத்தை வைக்கமாட்டார்கள். எல்லாம் நன்றாகவே போனது. மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளர் அக்கீக்கி, ஒல்லியான ஆள், வெள்ளை அங்கிக்குள் காற்றுதான் அதிகம், எழுந்து நின்று மாப்பிள்ளையின் அப்பா, தாத்தா, பாட்டன், பூட்டன் பெயர்களையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னார்.

"எங்க பிள்ளை கூரைத் தண்ணிக் குலம். கூரையிலேருந்து சொட்டற மழைத் தண்ணிய எங்க ஆளுங்க கையாலயும் தொட மாட்டோம். எங்க குலத்தோட ஆதி ஊரு, எங்கோமா மலை."

நாலாவது வரிசையில் லமேக்காவின் காதுமடல் விடைத்தது. அவர் மனைவி அதைப் பார்த்தாள். கையிலிருந்த விசிறியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஆனால் இந்த இனத்துக்குக் காது விடைத்துவிட்டால் நடுவில் எந்த மனைவியும் வந்து சேரமுடியாது.

"எங்கோமா!" என்று எழுந்துவிட்டார் லமேக்கா. "ஆஹா! 'எங்கோ'! சிறுத்தை! கேட்டீங்களா எல்லாரும்?"

"ஐயா, எங்கோமான்னா மேளம்," என்றார் அக்கீக்கி பணிவாக. "உங்க பாஷையிலயும் மேளம்தான். இதோ, உங்க பந்தல்லயே ஒண்ணு இருக்கு."

"மேளம்தான்! யார் இல்லேன்னா? அரமணை மேளத்துக்கு மேல என்ன போத்தறாங்க? சிறுத்தைத் தோல்! கூரைத் தண்ணியத் தொட மாட்டோம்ங்கறீங்களே, தண்ணின்னா எந்த மிருகத்துக்கு ஆகாது? பூன சாதிக்கு! சிறுத்தை பூன சாதிதானே? நீங்க ஆதியில எங்க குலத்து ஆளுங்கய்யா! என்னிக்கோ கோவிச்சுக்கிட்டு ஆத்தத் தாண்டிப் போயிருக்கீங்க. மேளத்தத் தூக்கிட்டுப் போனீங்க, பேர மறந்துட்டீங்க. இன்னிக்கு வீடு வந்து சேந்துட்டீங்க!"

கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது அவருக்கு. நடிப்பில்லை. காஹ்வாவை அவருக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. பிடித்தவனுக்குத் தன்னிடமிருந்ததிலேயே விலைமதிப்பான பொருளைக் கொடுத்தார், ஒரே ரத்தம் என்று. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கைதட்டலுக்காகக் காத்து நின்றார்.

ஒரு கை தட்டவில்லை. மேளக்காரன் மெல்ல மேளத்தைத் தன் பின்னால் நகர்த்திக்கொண்டான். சேவலை வாங்கத் தயாராக நின்றிருந்த பெண்ணின் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டான்.

கெஸெக்கியா கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "லமேக்கா, நீ சொன்னது விளையாட்டுக்கா, நெசமா?"

"ஆராய்ச்சிண்ணே!"

"அப்படின்னா இந்தப் பையன் நம்ம பொண்ணுக்கு அண்ணன் முறை. எனக்கு நிரூபணம் வேண்டாம், சந்தேகம் போதும். சந்தேகம் தீர்ற வரைக்கும் அந்தச் சேவல் இந்தப் பந்தலுக்குள்ள வரக் கூடாது. கிளப்பினவனே தீத்து வைக்கணும்."

எல்லாத் தலையும் லமேக்கா பக்கம் திரும்பியது. 'நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்' என்ற மூன்றே சொல். மூன்றும் அவருக்குத் தெரிந்த சொற்கள்தான். ஆனால் உலகத்தின் எல்லா மொழிச் சொல்லுக்கும் வேர் கண்ட அந்த மனிதருக்கு, இந்த மூன்று சொல் மட்டும் எந்த மொழியிலும் வாய்க்கு வரவில்லை. பிறகு, "வேர் வேர்தானே," என்று முனகினார்.

எதிர்ப்பந்தலில் காஹ்வா எழுந்து நின்றுவிட்டான். கணக்கு வாத்தியார் அல்லவா, கூட்டிக் கழித்துப் பார்த்து விடை வராதவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது முகம். பெண்கள் இருந்த அறைக் கதவு படாரென்று திறந்தது. அழைக்காமல் மணப்பெண் வெளியே வரக்கூடாது என்பது வழக்கம். கிஸ்ஸா வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

"சித்தப்பா, நான் யாரத்தான் கட்டிக்கறது? சிங்கப்பூர் எஞ்சினியர அண்ணனாக்கினீங்க. போன மாசம் மிட்டாய் விக்க வந்த சோமாலிக்காரர அண்ணனாக்கினீங்க. ரேடியோவுல பேர் கேட்ட ஆளுங்களயெல்லாம் அண்ணனாக்கினீங்க. மிச்சம் இருந்தது இவரு ஒருத்தர்தான். இவரயும் ஆக்கிட்டீங்களா? எனக்கு அண்ணனுங்க போதும் சித்தப்பா!"

லமேக்கா தரையைப் பார்த்தார். அங்கே தோண்ட ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் லாக்கேரி இரண்டு பந்தலுக்கும் நடுவே வந்து நின்றாள். அங்கே பெண்கள் விசேஷத்துக்கு உடுத்தும், புடவை போன்ற பெரிய உடையின் இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் அதை இறுக்கினால் வீட்டில் பாத்திரம் பறக்கும் என்பது உறவுக்காரர்களுக்குத் தெரியும்.

"பெரியவரே, எனக்கு ஒரு சந்தேகம். நான் என்ன குலம்?"

"காளான் குலம். அதுல என்ன சந்தேகம்?" என்றார் கெஸெக்கியா.

"காளானத் தலகீழாப் புடிச்சா எப்படி இருக்கும்?"

கூட்டம் யோசித்தது. எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. "மேளம் மாதிரி இருக்கும்!"

"மேளம்னா?"

"சிறுத்தை!" என்று இப்போது நாலைந்து குரல்.

"மழை பேஞ்சு தண்ணி நின்னா காளான் அழுகிப்போகும். அதுக்கும் தண்ணி ஆகாது. ஆக, நானும் சிறுத்தைதான். இத்தன வருஷமா தெரியாமப் போச்சே!" லாக்கேரி புருஷன் பக்கம் திரும்பினாள். மெதுவாக, முறைப்படி, இரண்டு முழங்காலையும் மண்ணில் ஊன்றினாள். தலையைத் தாழ்த்தினாள். "கும்பிடறேன், அண்ணா. நல்லா இருக்கீங்களா?"

பந்தலே இடிந்துவிடும் போலிருந்தது சிரிப்பு. மேளக்காரன் தன்னை மறந்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டான். லமேக்காவின் மூத்த மகன், அவனே மூன்று பிள்ளைக்கு அப்பன், முன்வரிசையிலிருந்து கேட்டான். "அப்போ நான் உங்கள எப்படிப்பா கூப்பிடறது?"

"மாமான்னு கூப்பிடு," என்றாள் அவன் அம்மா. "அண்ணா, பொறந்த வீட்ல பொண்ணுங்க வேல செய்யறதில்ல. இன்னிலேருந்து நீங்க வாழக்கா உரிங்க, நீங்க வேகவைங்க, நான் உக்காந்து சாப்பிடறேன். ராத்திரி படுக்கை எனக்கு வேற ரூம்ல போட்டுருங்க. இன்னொண்ணும் இருக்கு, பெரியவரே. நான் இவருக்குத் தங்கச்சின்னா, கிஸ்ஸாவுக்கு யாரு?"

கெஸெக்கியாவின் தாடி ஆடத் தொடங்கியது. சிரிப்பை அடக்குகிறார் என்று அர்த்தம். "அத்தை."

அந்த ஊரில் அத்தை என்றால் சாதாரணமா? பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துப் பிடித்துக் கூட்டி வருவதே அப்பாவின் தங்கைதான். அவள் சரி என்றால் சரி. காஹ்வாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, கிஸ்ஸாவின் உண்மையான அத்தை நகாட்டோ சற்று நகர்ந்து பாயில் இடம் விட்டாள். "வாடி என் தங்கச்சி, இங்க வந்து உக்காரு. இத்தன நாள் நான் ஒருத்தியே கஷ்டப்பட்டேன்."

"அத்தையா நான் சொல்றேன்," என்றாள் லாக்கேரி, முழங்காலிலிருந்து எழாமலே. "மாப்பிள்ளை வேற குலம். அப்படி இல்ல, ஒரே குலம்தான்னு எங்க அண்ணன் சொன்னா, நான் இப்பவே போயி எனக்கு வேற மாப்பிள்ளை பாத்துக்கணும். அண்ணா, நீங்களே சொல்லுங்க. ஒரே குலமா, வேற குலமா?"

லமேக்கா மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூடச் சிரிக்கவில்லை. அண்ணன் மகளைப் பார்த்தார். எதிர்ப்பந்தலில் நின்றுகொண்டிருந்த கணக்கு வாத்தியாரைப் பார்த்தார். உரிக்கப்படாமல் குவிந்து கிடந்த வாழைக்காயையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

தப்பு என்று ஒப்புக்கொண்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

தொண்டையைக் கனைத்தார். "சபையோர் அவசரப்படக் கூடாது. என் ஆராய்ச்சிய நான் இன்னும் முடிக்கல. ஹொய்மாவுக்கும் நமக்கும் நடுவுல காஃபு ஆறு ஓடுது. ஆத்தத் தாண்டின சொல்லுக்குப் பழைய வேர் கிடையாது. கரையேறின எடத்துல புது வேர் விட்டுரும். இது மொழிநூல் விதி."

"எப்போலேருந்து?" என்றார் கெஸெக்கியா.

"இப்போதாண்ணே கண்டுபிடிச்சேன்."

"ஆக?"

"ஆக, வேற குலம். சுத்தமா வேற குலம். சம்பந்தமே கிடையாது." பிறகு, தாழ்ந்த குரலில், மனைவிக்கு மட்டும், "எந்திரிடி, மண்ணு ஒட்டுது."

"காளானுக்கு ஆறு எங்க இருக்கு?" என்று அவள் விடவில்லை.

"நமக்கு நடுவுல இருக்கற ஆறு எனக்குத் தெரியாதா?" என்றார் லமேக்கா. அதற்கு என்ன பொருளோ, அவர்கள் இருவருக்கும்தான் வெளிச்சம். லாக்கேரி எழுந்துகொண்டாள்.

சேவல் கைமாறியது. குலவைச் சத்தத்தில் பாதி சேவலுடையது. ஆனால் அக்கீக்கி சும்மா விடுவாரா? எங்கள் பிள்ளையைக் கால் மணி நேரம் அண்ணனாக்கி வைத்ததற்கு அபராதம் என்று எழுந்து நின்றார். அபராதம் இதுதான். பந்தி முடிகிறவரை அந்தச் சேவலை லமேக்காவே மடியில் வைத்துக்கொண்டு உட்காரவேண்டும், மனிதக் குரலில் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. வாழையிலையில் கட்டி அவித்த மசியலும் நிலக்கடலைக் குழம்பும் வரிசை வரிசையாகப் போய்வந்துகொண்டிருந்தன. லமேக்கா சேவலோடு உட்கார்ந்திருந்தார். அது கூவும்போதெல்லாம் குனிந்து, அதன் அலகருகே காதை வைத்து, ஏதோ ஒரு முக்கியமான தகவல் கிடைத்ததுபோல் தலையாட்டிக்கொண்டார். மணமக்கள் கும்பிட வந்தபோது, பேசக்கூடாதே, சேவலின் தலையைப் பிடித்து மூன்று முறை ஆட்டி ஆசீர்வதித்தார். கிஸ்ஸா அப்போதுதான் அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

கதை முடிந்துவிட்டது. நீங்கள் இப்போது லமேக்காவை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். நான் ஒன்றை மட்டும் வேண்டுமென்றே மறைத்துவிட்டேன். கிஸ்ஸா தன் அப்பாவை எப்படிக் கூப்பிடுவாள் என்று சொல்லவேயில்லை. லுகாண்டாவில் அப்பாவைத் 'தாத்தா' என்பார்கள்.

பார்த்தீர்களா, முதுகு நிமிர்கிறது! இது எப்படி நம்முடைய சொல் அங்கே போனது, எந்தக் கப்பலில் போனது, தாத்தா எப்படி ஒரு தலைமுறை வயது குறைந்து அப்பா ஆனார் என்று உள்ளே ஏதோ ஊறத் தொடங்குகிறதா? இதை உடனே நாலு பேருக்குச் சொல்லவேண்டும் என்று கை தொலைபேசியைத் தேடுகிறதா? தாராளமாகச் சொல்லுங்கள். நான் தடுக்கப்போவதில்லை. அதற்கு முன்னால் ஒரு காரியம் மட்டும் செய்துகொள்ளுங்கள். இன்று ராத்திரி உங்கள் வீட்டில் யார் சமையல் என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.